சிறு அலுவலகத்தின் இபிஏபிஎக்ஸுக்குப் பொருந்தும் போன்களைத் தேர்ந்தெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐந்து மேசை முதல் முப்பது மேசை வரை உள்ள அலுவலகம், ஜவுளிக்கடை, மருத்துவமனை, பள்ளி, லாட்ஜ் போன்ற இடங்களில் போன் வாங்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. விடைகளில் பெரும்பாலானவை ஒரே கருத்தைச் சுற்றி வருவதைக் காண்பீர்கள். போனை முதலில் பிடித்துப்போய் வாங்கிவிட்டு, அது பொருந்துமா என்று பிறகு விசாரிப்பது தலைகீழான வழி. ஒயரின் மறுமுனையில் இருக்கும் பெட்டிதான், அதாவது வெளி லைன்களை அலுவலகத்தின் போன்களுக்குப் பகிர்ந்து அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் இபிஏபிஎக்ஸ்தான், எந்த போனை வாங்கலாம் என்பதை முடிவு செய்கிறது.

எங்களிடம் ஏற்கெனவே ஒரு இபிஏபிஎக்ஸ் இருக்கிறது. அதற்கு எந்த போன் பொருந்தும்?

பெட்டியின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதில் எந்த வகை எக்ஸ்டென்ஷன் போர்ட்டுகள் (மேசைப் போன்களுக்கான உள் இணைப்புத் துளைகள்) உள்ளன என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். சிறு அலுவலகங்களில் காணப்படுபவை மூன்று வகைதான்.

முதலாவது அனலாக் போர்ட். வீட்டு லேண்ட்லைனில் போடும் சாதாரண இரட்டை ஒயர் போன் எதுவும் இதில் வேலை செய்யும்; பீட்டல், பானசோனிக் என்று எந்த நிறுவனத்தின் போனாக இருந்தாலும் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டாவது, கீ போனுக்கான போர்ட். திரையும் வரிசையாக விளக்குப் பொத்தான்களும் உள்ள, ரிசப்ஷன் மேசையில் வைக்கப்படும் போன்களுக்கானது இது. இங்கே பொருத்தம் என்பது ஒரே நிறுவனத்துக்குள், பல நேரங்களில் ஒரே வரிசைக்குள் அடங்கிவிடும். வடோதராவைச் சேர்ந்த மேட்ரிக்ஸ் நிறுவனத்தின் ஈயான் கீ போன் அந்நிறுவனத்தின் இபிஏபிஎக்ஸில் மட்டுமே இயங்கும். அதைக் கொண்டுபோய் பானசோனிக் பெட்டியில் மாட்டினால் விளக்குகூட எரியாது. மூன்றாவது, நெட்வொர்க் கேபிளில் இயங்கும் ஐபி போன். இதில் எஸ்ஐபி என்ற பொது நெறிமுறை இருப்பதால் ஒரு நிறுவனத்தின் போனை இன்னொரு நிறுவனத்தின் அமைப்பில் பயன்படுத்த முடியும். ஆனால் எந்த அளவுக்கு முடியும் என்பதில்தான் சிக்கல்கள் தொடங்குகின்றன. அதைப் பின்னால் விரிவாகப் பார்க்கலாம்.

ஒரே பெட்டியில் இந்த வகைகள் கலந்திருப்பதும் உண்டு. நம் ஊர்க் கடைகளில் இன்றும் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும் பானசோனிக் கேஎக்ஸ்-டிஇஎஸ்824 பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அது மூன்று வெளி லைன்களும் எட்டு எக்ஸ்டென்ஷன்களுமாக வந்து, கார்டுகள் சேர்த்தால் எட்டு லைன், இருபத்து நான்கு எக்ஸ்டென்ஷன் வரை வளரக்கூடியது. அதில் சாதாரண போனும் மாட்டலாம், பானசோனிக்கின் அனலாக் கீ போனும் மாட்டலாம். ஆனால் அதே பானசோனிக்கின் டிஜிட்டல் வரிசையான கேஎக்ஸ்-டிடி போன்களை மாட்ட முடியாது. பெயர் ஒன்றாக இருப்பதை நம்பி வாங்கிவிட்டு மாற்ற முடியாமல் திண்டாடுபவர்கள் அதிகம்.

சாதாரண போனைத் தவறுதலாக டிஜிட்டல் போர்ட்டில் மாட்டினால் கெட்டுவிடுமா?

பெரும்பாலும் கெடாது; டயல் டோன் வராது, அல்லது ஒரு இரைச்சல் மட்டும் கேட்கும். இருந்தாலும் சோதித்துப் பார்க்கும் வழியாக அதைக் கைக்கொள்ள வேண்டாம். அனலாக் லைனில் ஏறத்தாழ 48 வோல்ட் நேர்மின்னழுத்தம் எப்போதும் இருக்கும். மணி அடிக்கும்போது 75 வோல்ட்டுக்கு மேல் மாறுமின்னழுத்தமும் அதில் சேரும். இந்த மணி மின்னழுத்தத்தை எதிர்பார்க்காத கருவியை அனலாக் போர்ட்டில் மாட்டுவதுதான் அதிக ஆபத்து. குறிப்பாக, ஆர்ஜே11 எனும் போன் முனை ஆர்ஜே45 எனும் நெட்வொர்க் துளைக்குள்ளும் நுழைந்துவிடும் என்பதால், போன் லைனை நெட்வொர்க் சுவிட்சில் மாட்டிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கீ போனை மாட்டினால் பேச முடிகிறது, ஆனால் திரையும் விளக்குகளும் இயங்கவில்லை. போன் பழுதா?

போனைக் குறை சொல்லும் முன் ஒயரைப் பாருங்கள். பானசோனிக்கின் அனலாக் கீ போன்களுக்கு நான்கு கம்பிகள் வேண்டும்: நடுவில் உள்ள இரண்டு கம்பிகளில் குரல் செல்கிறது, வெளிப்புறம் உள்ள இரண்டில் திரை, பொத்தான், விளக்கு ஆகியவற்றுக்கான தகவல் செல்கிறது. கட்டடம் கட்டும்போது சாதாரண போனுக்கென்று ஒரு ஜோடி ஒயர் மட்டும் இழுத்திருந்தால், குரல் கேட்கும். மற்ற எதுவும் நடக்காது. சுவரில் உள்ள பிளேட்டைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு கம்பி மட்டும் முறுக்கப்பட்டு, மீதி கம்பிகள் வெட்டி மடக்கிவிடப்பட்டிருப்பதைப் பெரும்பாலும் காணலாம். ஒயருக்குள் இன்னொரு ஜோடி சும்மா கிடக்கிறதென்றால் செலவில்லாமல் முடிந்துவிடும். போனையும் பெட்டியையும் இணைக்கும் குட்டிக் கேபிளையும் கவனிக்க வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைப்பவற்றில் பல இரண்டு கம்பி கொண்டவையே. முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பித்தளைத் தகடுகளை எண்ணிவிடலாம்.

டிஜிட்டல் கீ போன்களுக்கு ஒரு ஜோடியே போதும். ஒயர் குறைவாக உள்ள பழைய கட்டடங்களில் இது பெரிய வசதி.

எங்கள் கீ போன்கள் ஒவ்வொன்றாகப் பழுதாகின்றன. பழைய மாடலையே தேடி வாங்கலாமா?

ஒன்றிரண்டு என்றால் தேடி வாங்கலாம். பானசோனிக் நிறுவனம் அலுவலக இபிஏபிஎக்ஸ் விற்பனையிலிருந்து விலகிவிட்டது. ஆகவே அதன் கீ போன்கள் இனி பழைய இருப்பிலிருந்தோ, பயன்படுத்திய சரக்காகவோதான் கிடைக்கும். பாதிக்கு மேற்பட்ட போன்கள் பழுதான நிலையில், உதிரிக்காக ஊர் ஊராக அலைவதற்குச் செலவிடும் பணத்தை அடுத்த அமைப்பில் போடுவதே மேல். இடைக்காலத்துக்கு, ரிசப்ஷனில் மட்டும் கீ போனை வைத்துக்கொண்டு மற்ற மேசைகளில் சாதாரண போனைப் போடலாம். அதற்கு அந்தப் போர்ட்டுகள் இரண்டு வகையையும் ஏற்கும் கலப்புப் போர்ட்டுகளாக இருக்க வேண்டும்.

சாதாரண போன் என்றால் எதை வேண்டுமானாலும் வாங்கிவிடலாமா?

வாங்கலாம், ஆனால் மூன்று விஷயங்களைப் பார்த்து வாங்க வேண்டும்.

முதலாவது, ஃப்ளாஷ் பொத்தான். ஒரு அழைப்பை இன்னொரு எக்ஸ்டென்ஷனுக்கு மாற்ற இந்தப் பொத்தானை அழுத்துகிறோம். சில போன்களில் இதன் மேல் ‘ஆர்’ என்ற எழுத்து மட்டும் இருக்கும். இதை அழுத்தும்போது போன் லைனை ஒரு நொடியின் சிறு பகுதிக்குத் துண்டித்து மீண்டும் இணைக்கிறது. அந்த இடைவெளி 100 மில்லி நொடியா, 300 மில்லி நொடியா, 600 மில்லி நொடியா என்பது போனுக்குப் போன் மாறும். இபிஏபிஎக்ஸ் 600 மில்லி நொடியை எதிர்பார்த்திருக்க, போன் 100 கொடுத்தால், பொத்தானை அழுத்தியது பெட்டிக்குத் தெரியவே தெரியாது. தலைகீழாக அமைந்தால் வாடிக்கையாளரின் அழைப்பு அறுந்துபோகும். “டிரான்ஸ்பர் பண்ணினால் கட் ஆகிவிடுகிறது” என்று வரும் புகார்களில் பெரும்பகுதி இந்த ஒன்றால்தான். ஃப்ளாஷ் நேரத்தை மாற்றிக்கொள்ளும் வசதி உள்ள போனை வாங்குங்கள், அல்லது பெட்டியில் அதை மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

இரண்டாவது, அழைப்பவர் எண் தெரிவது. எண்ணை அனுப்ப எஃப்எஸ்கே, டிடிஎம்எஃப் என இரு முறைகள் உள்ளன. போன் இரண்டையும் ஏற்பதாக இருந்தால் நல்லது. ஆனால் போனில் வசதி இருந்தும் எண் தெரியவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இபிஏபிஎக்ஸில் இருக்கும். பல சிறிய பெட்டிகளில் இதற்கென்று தனி கார்டு வாங்கிச் செருக வேண்டும். கார்டு இல்லாமல் நூறு போன் மாற்றினாலும் எண் வராது.

மூன்றாவது, டோன்–பல்ஸ் என்ற சிறு தள்ளுபொத்தான் இருந்தால் அது டோன் பக்கம் இருக்க வேண்டும். பக்கவாட்டிலோ அடியிலோ இருக்கும் இந்தப் பொத்தான், துடைக்கும்போது நகர்ந்துவிடுவதும் உண்டு.

எஸ்ஐபி போன் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்கிறார்களே, அது உண்மையா?

பாதி உண்மை. 2002-ஆம் ஆண்டில் வெளியான ஆர்எஃப்சி 3261 என்ற ஆவணம் எஸ்ஐபி நெறிமுறையை வரையறுக்கிறது. அதைப் பின்பற்றும் போன், அதைப் பின்பற்றும் அமைப்பில் பதிவாகி, அழைக்கவும் அழைப்பை ஏற்கவும் முடியும். யீலிங்க், கிராண்ட்ஸ்ட்ரீம், ஃபேன்வில், ஸ்நோம் ஆகிய நிறுவனங்களின் போன்களை ஆஸ்டரிஸ்க் என்ற இபிஏபிஎக்ஸ் மென்பொருளின் அடிப்படையிலான எந்த அமைப்பிலும் இந்த அளவுக்கு இயக்கிவிடலாம். கடைக்காரர் ‘பொருந்தும்’ என்று சொல்வது இந்த நிலையைத்தான்.

ஆனால் அலுவலகத்துக்கு வேண்டியது அதற்கு மேலே உள்ளவை. யார் பேசிக்கொண்டிருக்கிறார் என்பதைக் காட்டும் பிஎல்எஃப் விளக்கு, வேறொருவருக்கு அடிக்கும் மணியைத் தன் மேசையிலிருந்தே எடுப்பது, ஒரே லைனைப் பலர் பகிர்ந்துகொள்வது, வாய்ஸ்மெயில் விளக்கு, பெட்டியிலிருந்தே தொடர்புப் பட்டியல் வருவது ஆகிய ஒவ்வொன்றும் அடிப்படை ஆவணத்துக்கு வெளியே, தனித்தனி விரிவாக்கங்களாக வந்தவை. இவற்றைப் போன் ஒரு விதமாகவும் அமைப்பு வேறு விதமாகவும் செயல்படுத்தியிருக்கலாம். விளக்கு பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறும், ஆனால் அந்தப் பொத்தானை அழுத்தி அழைப்பை எடுக்க முடியாது என்பது போன்ற அரைகுறைப் பொருத்தங்களே களத்தில் அதிகம் காணப்படுகின்றன.

ஆகவே, உங்கள் அமைப்பைத் தயாரித்த நிறுவனம் வெளியிடும் ஆதரவுப் பட்டியலில் போனின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இதில் நான் சற்றுக் கறாராகவே இருப்பேன்: பட்டியலில் இல்லாத போன் இயங்கக்கூடும் என்பது தொழில்நுட்ப ஆர்வலருக்குப் போதும், வாடிக்கையாளர் அழைப்பை நம்பி நடக்கும் கடைக்குப் போதாது. பட்டியலில் உள்ள போனுக்கு இன்னொரு பயனும் உண்டு. போன்களைத் தானாக அமைக்கும் வார்ப்புருக்கள் அமைப்பிலேயே தயாராக இருக்கும். இல்லாவிட்டால், பதினைந்து போன்களின் இணையப் பக்கத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து கையால் நிரப்ப வேண்டும், ஒரு எக்ஸ்டென்ஷன் எண்ணை மாற்றினாலும் அந்த வேலையை மீண்டும் செய்ய வேண்டும்.

பழைய சிஸ்கோ, அவாயா போன்கள் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கலாமா?

சென்னை ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும், பெரிய நிறுவனங்கள் கழித்துவிட்ட போன்கள் நல்ல நிலையில் கிடைப்பது உண்மைதான். கட்டுமானத்தில் அவை உறுதியானவை. ஆனாலும் இவற்றை வாங்குவதற்கு முன் மூன்று தடைகளைத் தாண்ட வேண்டும்.

முதல் தடை நெறிமுறை. சிஸ்கோவின் 7900 வரிசை முதன்மையாக ஸ்கின்னி என்ற அந்நிறுவனத்தின் சொந்த நெறிமுறைக்காக உருவானது. புதிய 8800 வரிசையிலும் ஒரே தோற்றத்தில் இரண்டு வகை உண்டு: சிபி-8841-கே9 என்பது சிஸ்கோவின் சொந்த அமைப்புக்கானது, சிபி-8841-3பிசிசி-கே9 என்பது பிற எஸ்ஐபி அமைப்புகளுக்கானது. மேசையில் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. அடியில் ஒட்டியுள்ள லேபிளில் மட்டுமே தெரியும். அவாயாவின் 9600 வரிசையும் அந்நிறுவனத்தின் அமைப்பை மனத்தில் கொண்டே செய்யப்பட்டது.

இரண்டாவது தடை மின்சாரம். சிஸ்கோ 7940, 7960 ஆகியவை கேபிள் வழியே மின்சாரம் பெறும் போன்கள்தான். ஆனால் அதற்கான பொதுத் தரம் 2003-இல் வருவதற்கு முன் சிஸ்கோ தனக்கென்று வகுத்துக்கொண்ட முறையில் பெறுபவை. நீங்கள் இன்று வாங்கும் பிஓஇ சுவிட்சில் (நெட்வொர்க் கேபிள் வழியே மின்சாரமும் தரும் சுவிட்ச்) அவை உயிர் பெறாது. ஒவ்வொன்றுக்கும் தனி அடாப்டர் வேண்டும்.

மூன்றாவது தடைதான் பலரும் எதிர்பாராதது. போன் தயாரிப்பாளர்கள் நடத்தும் தானியங்கி அமைப்புச் சேவைகளில், முந்தைய உரிமையாளரின் பெயரில் அந்தப் போனின் மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் உரிய தனி அடையாள எண்) இன்னும் பதிவாகியிருக்கக்கூடும். அப்படி இருந்தால், போனை ஃபேக்டரி ரீசெட் செய்தவுடன் அது இணையத்தில் தன் பழைய வீட்டைத் தேடிப் போய், பழைய நிறுவனத்தின் அமைப்பையும் கடவுச்சொல்லையும் மீண்டும் கொண்டுவந்துவிடும். எத்தனை முறை ரீசெட் செய்தாலும் இதுவே நடக்கும். முந்தைய உரிமையாளரோ அவருடைய விற்பனையாளரோ பதிவை நீக்கினால்தான் தீரும். விற்பவரிடம், உங்கள் கண்முன்னே இணையத்தில் இணைத்து ரீசெட் செய்து, நிர்வாகி கடவுச்சொல்லோடு உள்ளே நுழைந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அந்த விலை மலிவானதல்ல.

ஒரே போன் இரண்டு மாடல் எண்களில், சிறு விலை வேறுபாட்டில் கிடைக்கிறது. என்ன வேறுபாடு?

பெரும்பாலும் பிஓஇ வசதிதான். யீலிங்க் டி31 போனில் அது இல்லை. டி31பி போனில் உண்டு. டி31ஜி போனில் பிஓஇ வசதியோடு கிகாபிட் போர்ட்டும் உண்டு. ஃபேன்வில்லில் எக்ஸ்3எஸ், எக்ஸ்3எஸ்பி என்றும், கிராண்ட்ஸ்ட்ரீமில் ஜிஎக்ஸ்பி1620, 1625 என்றும் அதே வேறுபாடு வருகிறது. விலைப்பட்டியலில் கடைசி எழுத்து விடுபட்டிருந்தால் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பிஓஇ உள்ள போன்களோடு அடாப்டர் வருமா என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். சில மாடல்களின் பெட்டியில் அது இருக்காது.

போன் வழியாகக் கணினிக்கு நெட்வொர்க் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் கிகாபிட் உள்ளதை வாங்குவது நல்லது. இல்லாவிட்டால் அந்தக் கணினியின் வேகம் 100 மெகாபிட்டில் நின்றுவிடும். டாலி போன்ற கணக்கு வேலைக்கு அது போதும். பெரிய படக்கோப்புகளைக் கையாளும் அச்சகத்துக்கோ ஸ்டூடியோவுக்கோ போதாது.

பிஓஇ அவசியமா? எந்த சுவிட்ச் வாங்க வேண்டும்?

மின்வெட்டை மனத்தில் வைத்துப் பார்த்தால் அவசியம் என்றே சொல்வேன். அடாப்டரில் இயங்கும் போன்களுக்கு ஒவ்வொரு மேசையிலும் யுபிஎஸ் இணைப்பு வேண்டும். பிஓஇ என்றால் சுவிட்ச், ரவுட்டர், ஐபி பெட்டி ஆகியவற்றை ஒரே யுபிஎஸ்ஸில் வைத்துவிட்டால் எல்லா மேசையும் இயங்கும்.

சுவிட்சில் 802.3ஏஎஃப் அல்லது 802.3ஏடி என்ற தரம் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். முன்னது ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரையும், பின்னது 30 வாட் வரையும் தரும். மேசைப் போனுக்கு முன்னதே போதும். அடுத்து, சுவிட்ச் மொத்தமாக எத்தனை வாட் தரும் என்பதைப் பாருங்கள். சாதாரண மேசைப் போன் மின்தேவையில் இரண்டாம் வகுப்பு என்று குறிக்கப்பட்டிருந்தால் சுவிட்ச் அதற்கு 7 வாட் ஒதுக்கும். எட்டுப் போனுக்கு 56 வாட். ஆகவே 60 வாட் கொண்ட எட்டு போர்ட் சுவிட்ச் தாங்கும். ஆனால் பெரிய வண்ணத் திரை உள்ள மூன்றாம் வகுப்புப் போன் ஒன்றுக்கு 15.4 வாட் ஒதுக்கும் சுவிட்சாக இருந்தால், அதே 60 வாட்டில் மூன்று போனோடு நின்றுவிடும். நான்காவது போன் இருண்டு கிடக்கும், பழுது என்று நினைத்துக் கடைக்கு எடுத்துச் செல்வார்கள்.

சிசிடிவிக்காக வாங்கிய சுவிட்ச் மீதமிருக்கிறது என்றால், அதன் லேபிளைப் படிக்காமல் போனை மாட்ட வேண்டாம். 24 வோல்ட்டை எப்போதும் நேராகக் கேபிளில் ஏற்றும் மலிவான பெட்டிகள் மேசைப் போனுக்கு உதவாது. எதிரில் இருக்கும் கருவியைக் கேட்டறியாமல் 48 வோல்ட்டை ஏற்றும் பெட்டிகளோ ஆபத்தானவை.

மின்சாரம் முழுதாகப் போய்விட்டால் பழைய போன் இயங்கும் என்கிறார்களே?

பல அனலாக் இபிஏபிஎக்ஸ்களில், மின்சாரம் நின்றதும் முதல் வெளி லைன் ஒரு குறிப்பிட்ட எக்ஸ்டென்ஷனோடு நேரடியாக இணைந்துவிடும். அந்த எக்ஸ்டென்ஷனில் சாதாரண போன் இருந்தால் மட்டுமே இது பயன்படும். கீ போன் இருந்தால் பயனில்லை. வெளி லைன் ஃபைபரில் வருகிறதென்றால், ஃபைபர் பெட்டிக்கும் யுபிஎஸ் இல்லாதவரை இந்த வசதி வெறும் பெயருக்குத்தான்.

எங்களிடம் இருபது சாதாரண போன்கள் நன்றாக உள்ளன. ஐபி அமைப்புக்கு மாறும்போது அவற்றை வைத்துக்கொள்ள முடியுமா?

முடியும். ஏடிஏ எனப்படும் சிறு பெட்டி, அனலாக் போனை எஸ்ஐபி எக்ஸ்டென்ஷனாக மாற்றிக் கொடுக்கும். கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி802 இரண்டு போன்களை ஏற்கும். இருபது போனுக்கு, அதே நிறுவனத்தின் ஜிஎக்ஸ்டபிள்யூ4224 போன்ற 24 போர்ட் கேட்வேயை, பழைய இபிஏபிஎக்ஸ் இருந்த இடத்திலேயே வைத்து, அங்கு வந்து சேரும் பழைய ஒயர்களை அதில் கட்டிவிடலாம். கட்டடத்தில் புதிதாக நெட்வொர்க் கேபிள் இழுக்க வேண்டியதில்லை என்பதால், லாட்ஜ்களுக்கும் பழைய மருத்துவமனைகளுக்கும் இதுவே சிறந்த வழி. அறைக்குள் விருந்தினர் பயன்படுத்தப்போவது ரிசப்ஷனை அழைக்க மட்டும்தான். அதற்கு ஐபி போன் எதற்கு?

வாங்கும்போது எஃப்எக்ஸ்எஸ், எஃப்எக்ஸ்ஓ என்ற இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. எஃப்எக்ஸ்எஸ் போர்ட் டயல் டோனையும் மணியையும் தரும், அதில் போனை மாட்ட வேண்டும். எஃப்எக்ஸ்ஓ போர்ட் அவற்றைப் பெற்றுக்கொள்ளும், அதில் வெளி லைனை மாட்ட வேண்டும். கீ போன்களை ஏடிஏவில் மாட்ட முடியாது. அவற்றுக்கு இந்த மாற்றத்தில் வழியில்லை.

எங்கள் வெளி லைன் ஃபைபர் இணைப்போடு வந்தது. ஐபி போனை நேராக அதில் பதிவு செய்யலாமா?

பொதுவாக முடியாது. ஃபைபர் பெட்டிக்குள்ளேயே எஸ்ஐபி கணக்கு ஒளிந்திருக்கும். அதன் கடவுச்சொல்லை வாடிக்கையாளரிடம் தருவது வழக்கமில்லை. அந்தப் பெட்டியில் உள்ள ஆர்ஜே11 துளையில் வருவது அனலாக் டயல் டோன். அதைப் பழைய இபிஏபிஎக்ஸின் வெளி லைன் போர்ட்டிலோ, ஐபி அமைப்பின் எஃப்எக்ஸ்ஓ போர்ட்டிலோ இணைக்க வேண்டும். கிராண்ட்ஸ்ட்ரீம் யுசிஎம்6302 போன்ற சிறிய ஐபி பெட்டிகளில் அத்தகைய போர்ட் இரண்டு இருக்கும். பல அழைப்புகள் ஒரே நேரத்தில் வரும் அலுவலகமாக இருந்தால், உரிமம் பெற்ற நிறுவனத்திடம் எஸ்ஐபி டிரங்க் (ஒரே நேரத்தில் பல அழைப்புகளைத் தாங்கும் எஸ்ஐபி வெளி லைன்) கேட்டு வாங்குவதே முறை.

கிடங்கில் நடந்துகொண்டே பேச வேண்டும். கார்ட்லெஸ் போன் பொருந்துமா?

வீட்டுக்கான கார்ட்லெஸ் போனை அனலாக் போர்ட்டில் தாராளமாக மாட்டலாம். அதில் ஃப்ளாஷ் பொத்தான் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐபி அமைப்புக்கு யீலிங்க் டபிள்யூ73பி போன்ற, டெக்ட் எனப்படும் கார்ட்லெஸ் வகைகள் உள்ளன. அதன் பேஸ் ஒன்றில் பத்து கைக்கருவிகள் வரை சேர்க்கலாம். ஒரு நிறுவனத்தின் பேஸில் வேறு நிறுவனத்தின் கைக்கருவியைச் சேர்ப்பதற்கு ஜிஏபி என்ற பொதுத் தரம் உண்டு. ஆனால் அது பேசவும் கேட்கவும் மட்டுமே உத்தரவாதம் தருகிறது. தொடர்புப் பட்டியலோ டிரான்ஸ்பர் மெனுவோ வேலை செய்யாமல் போகலாம். பேஸையும் கைக்கருவியையும் ஒரே நிறுவனத்தில் வாங்குங்கள்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த கார்ட்லெஸ் போனை இங்கே பயன்படுத்தக் கூடாது. அங்கு டெக்ட் போன்கள் 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் இயங்குகின்றன. இங்கு அது கைபேசி நிறுவனங்களுக்கு உரிய பகுதி. ஐரோப்பிய வகை 1880 முதல் 1900 வரை இயங்குவது. அமெரிக்காவிலிருந்து வந்த ஒயர் உள்ள எஸ்ஐபி போனுக்கு இந்தத் தொல்லை இல்லை. அடாப்டரில் 100–240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

ரிசீவர் மட்டும் உடைந்துவிட்டது. வேறு போனின் ரிசீவரை மாட்டலாமா?

முனை ஒன்றாக இருப்பதால் மாட்ட முடியும். நன்றாகக் கேட்கும் என்று சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் மைக்கின் வகையும் கம்பி வரிசையும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். ஹெட்செட்டுக்கும் இதே சிக்கல் உண்டு. ஆர்ஜே9 முனை கொண்ட ஹெட்செட்டை வாங்கும்போது, எந்த நிறுவனத்தின் போனுக்கு என்று சொல்லி அதற்கான இணைப்பு ஒயரை வாங்க வேண்டும். நாள் முழுதும் பேசும் பணியாளர்கள் இருந்தால் யுஎஸ்பி போர்ட் உள்ள போன் இந்தக் குழப்பத்தைக் குறைக்கும், ஆனால் அங்கும் ஆதரவுப் பட்டியலைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

போன் திரையில் தமிழில் பெயர்கள் தெரியுமா?

மேசைப் போன்களின் மெனு மொழிகளில் தமிழ் பெரும்பாலும் இருப்பதில்லை. தமிழில் இட்ட பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரியக்கூடும். பெயர்களை ஆங்கில எழுத்தில் இடுவதே இப்போதைக்குப் பாதுகாப்பானது. கைபேசிச் செயலி வழியாகப் பேசுபவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

எல்லா மேசைக்கும் ஒரே மாடல் வாங்குவது நல்லதா?

ஒரே நிறுவனமாக இருப்பது நல்லது; ஒரே மாடலாக இருக்க வேண்டியதில்லை. ரிசப்ஷனுக்குப் பொத்தான்கள் நிறைய உள்ள போன், உரிமையாளருக்கும் மேலாளருக்கும் நடுத்தரம், மற்றவர்களுக்கு எளியது என்று பிரித்தால் செலவு பெருமளவு குறையும். உரிமையாளரின் மேசைக்குப் பெரிய திரை உள்ள விலை உயர்ந்த போனும், நாளெல்லாம் அழைப்புகளை மாற்றிக்கொண்டிருக்கும் ரிசப்ஷனுக்கு இரண்டு லைன் போனும் வாங்கும் வழக்கம் நம்மிடம் உள்ளது. அது நேர்மாறாக இருக்க வேண்டும்.

மொத்தமாக வாங்கும் முன் ஒரு போனை வைத்து எவற்றைச் சோதிக்க வேண்டும்?

ஒரு போனை வாங்கி, மிகப் பரபரப்பான மேசையில் ஒரு வாரம் வைத்துவிடுங்கள். தொழில்நுட்பப் பணியாளர் சோதிப்பதைவிட, ரிசப்ஷனில் இருப்பவர் பயன்படுத்துவதில் குறைகள் விரைவில் வெளிப்படும்.

வெளி அழைப்பை எடுத்து, இன்னொரு மேசையோடு பேசிவிட்டு மாற்றுவது, பேசாமலே மாற்றுவது ஆகிய இரண்டும் நடக்கிறதா? மாற்றப்பட்ட பிறகு எதிர் மேசையின் திரையில் வாடிக்கையாளரின் எண் தெரிகிறதா, ரிசப்ஷனின் எண்ணே நிற்கிறதா? வங்கியின் தானியங்கிச் சேவையை அழைத்து ஒன்று, இரண்டு என்று அழுத்தும்போது அது ஏற்கிறதா? ஏற்கவில்லை என்றால் போனிலும் அமைப்பிலும் டிடிஎம்எஃப் (பொத்தானை அழுத்தும்போது செல்லும் ஒலி) அனுப்பும் முறை வெவ்வேறாக இருக்கிறது. இரண்டிலும் ஆர்எஃப்சி 2833 என்பதைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் சரியாகும். அழைப்பைப் பத்து நிமிடம் ஹோல்டில் வைத்துத் திரும்ப எடுத்தால் குரல் இரு பக்கமும் கேட்கிறதா? ஒரு பக்கம் மட்டும் கேட்டால் போனை மாற்றுவதற்கு முன் ரவுட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற அமைப்பை நிறுத்திவிட்டுப் பாருங்கள். உதவுவதற்காகச் சேர்க்கப்பட்ட அந்த அமைப்பு பல இடங்களில் தொல்லையே தருகிறது. கடைசியாக, மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டு, போன் தானாகப் பதிவாகி மீண்டும் வேலைக்கு வருகிறதா என்று பாருங்கள்.

விற்பனையாளரிடம் எழுத்தில் என்ன பெற வேண்டும்?

‘உங்கள் இபிஏபிஎக்ஸுக்குப் பொருந்தும்’ என்ற வரி போதாது. பெட்டியின் மாடல் எண், அதன் மென்பொருள் பதிப்பு, போனின் முழு மாடல் எண் மூன்றும் விலைப்பட்டியலிலேயே இருக்க வேண்டும். அதன் கீழே, டிரான்ஸ்பர், பிஎல்எஃப், அழைப்பவர் எண் என்று உங்களுக்கு இன்றியமையாத வசதிகளைப் பெயர் சொல்லி எழுதி, அவை இயங்காவிட்டால் எத்தனை நாளுக்குள் போனைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். அமைப்புப் பணி முடிந்ததும் ஒவ்வொரு போனின் நிர்வாகி கடவுச்சொல்லையும் பட்டியலாக வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லே இருந்தால் அதை அன்றே மாற்றச் சொல்லுங்கள். பத்து போனுக்கு ஒன்று என்ற கணக்கில் கூடுதலாக வாங்கி, பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியில் போட்டுவிடாமல், அதையும் பதிவு செய்து இயக்கிப் பார்த்த பிறகே எடுத்து வையுங்கள்.